கல்விக் கடன்: விண்ணப்பம் முதல் கடைசித் தவணை வரை

பொதுத்துறை வங்கிக் கல்விக் கடனுக்கு மதிப்பெண் போடச் சொன்னால், வாங்கும் கட்டத்துக்குச் சுமார், கட்டும் கட்டத்துக்குப் பரவாயில்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள ஐந்து வருடத்துக்கு மோசம் என்றுதான் போட வேண்டியிருக்கும். கடன் சாங்ஷன் ஆகும்வரை கிளைக்கு அலையாய் அலைகிற குடும்பம், ஆன பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. கடன் கழுத்தை நெரிப்பதும் நெரிக்காததும் பெரும்பாலும் அந்த ஐந்து வருடத்தில்தான் முடிவாகிறது. இங்கே சொல்லப்படுவது, தமிழ்நாட்டில் கவுன்சலிங் வழியாக நான்கு வருடப் பொறியியல் படிப்பில் சேரும் மாணவரை மனதில் வைத்து எழுதியது.

விண்ணப்பத்தை இப்போது ஆன்லைனில்தான் போட வேண்டும். 2015 ஆகஸ்டில் வந்த வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே படிவத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்குத் தனி இணையதளம். அதன் பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டுமே அது. சேரப்போகும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தத் தளமானாலும் அது வாசல்தான், முடிவெடுப்பது கிளை. பெற்றோர் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பத்தின் பிரிண்ட் அவுட்டோடு அந்த வாரமே நேரில் போய்விடுவது நல்லது. கல்லூரி இருக்கும் ஊரின் கிளைக்குப் போட்டால், "உங்க ஊர் பிராஞ்சுல கேளுங்க" என்று திருப்பி அனுப்புவார்கள்.

தாமதத்துக்கு நம் ஊரில் முக்கியமான காரணம் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'எஸ். கார்த்திக்', பான் கார்டில் 'கார்த்திக் செல்வம்' என்று இருந்தால் கணினி மூன்றையும் மூன்று ஆளாகப் பார்க்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால், ஜூலையில் அலைய வேண்டியதில்லை.

கல்லூரியிடம் வாங்கும் ஃபீஸ் ஸ்ட்ரக்சர் கடிதத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கடன் தொகை நிர்ணயமாவதே அதை வைத்துத்தான். நான்கு வருடத்துக்கும் வருடவாரியாக, டியூஷன், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் தனித்தனி வரியில், லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு இருக்க வேண்டும். லேப்டாப் தேவைப்பட்டால் அதற்கான கொட்டேஷனையும் அப்போதே சேர்த்துக் கொடுங்கள். முதல் கடிதத்தில் விட்டுப்போன ஹாஸ்டல் கட்டணத்தை மூன்றாம் வருடத்தில் கேட்டால், சாங்ஷனை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு, அரசு அல்லது கட்டண நிர்ணயக் குழு ஒப்புக்கொண்ட தொகையை மட்டுமே வங்கி கணக்கில் எடுக்கும். ரசீது இல்லாமல் கொடுத்த நன்கொடைக்கு ஒரு ரூபாயும் வராது.

ஜாமீன் விஷயத்தில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், கையிலிருந்து போட வேண்டிய மார்ஜின் தொகையும் வேண்டாம். அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் மார்ஜின். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 75 சதவீதம் பொறுப்பேற்பதால், அதன்கீழ் வரும் கடனுக்குப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. ஆனால் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். சிக்கல் அங்கேதான் வருகிறது. அப்பாவின் பழைய டூவீலர் கடன் சிபிலில், அதாவது ஒருவர் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிவாகும் கணக்கில், கறுப்புப் புள்ளியாக நிற்கும். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. இருந்தாலும் கிளையில் வாதாடி நேரத்தை இழப்பதைவிட, சிபில் சுத்தமாக உள்ள அம்மாவை இணைக் கடன்தாரராகப் போட முடியுமா என்று கேட்பது வேகமான வழி.

"இல்லை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மறுப்பதானால் கிளைக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்ட பிறகு தானாகவே நகர்ந்த ஃபைல்கள் நிறைய உண்டு. நகராவிட்டால் வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், கட்டணமில்லா எண் 14448.

இனி அந்த ஐந்து வருடம். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. பலர் இதை வட்டி இல்லாத காலம் என்றே நம்பிவிடுகிறார்கள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருடத் தனிவட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 அசலோடு சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடும். பத்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 7,136. வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் 4 லட்சத்துக்கு 5,286தான். முதல் வருடத்தில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடத்தில் 1,667. கடைசி இரண்டு வருடம் 3,333 ஆகும்போதுதான் கை கடிக்கும். முழுதாக முடியாத குடும்பம் முதல் இரண்டு வருட வட்டியை மட்டும் கட்டினாலும் அசலோடு சேருகிற தொகை நன்றாகவே குறையும். தவறாமல் வட்டி கட்டி வருபவர்களுக்கு 1 சதவீதம் வட்டிக் குறைப்பும் திட்டத்தில் உண்டு. அது தானாக வந்துவிடும் என்று இருக்காமல் ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கேளுங்கள்.

குடும்ப வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழில்நுட்ப, தொழிற்படிப்பு என்றால் இந்த வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும். 8 லட்சம் வரை என்றால் பி.எம். வித்யாலட்சுமியில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத மானியம். வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குபவர்களுக்கு அந்த 3 சதவீதம் கிடையாது. இந்த மானியம் ஏழைக் குடும்பத்துக்கு உண்மையிலேயே பெரிய வரம். அதனால்தான் அது கைநழுவிப் போவதைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய வருமானச் சான்றிதழ் ஃபைலில் சேராமல் போயிருக்கும், அல்லது கிளை அந்த வருடத்துக்கான கோரிக்கையை அனுப்பாமல் விட்டிருக்கும். மாணவருக்கு ஒரு தகவலும் வராது. தவணை தொடங்கும்போது பார்த்தால், அரசு கட்டியிருக்க வேண்டிய வட்டி மொத்தமும் கடனில் ஏறி நிற்கும். சான்றிதழைக் கொடுக்கும்போது நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் எடுத்து, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். பி.எம். வித்யாலட்சுமியில், கடன் வந்த பிறகு மானியத்துக்கென்று மாணவர்தான் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த மானியங்கள் வாழ்க்கையில் ஒரு முறைதான். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, உரிமை போய்விடும்.

ஒவ்வொரு வருடத் தொகையும் நேரே கல்லூரிக்குத்தான் போகும். கல்லூரியின் கட்டணக் கடிதம், போனஃபைடு சர்டிபிகேட், முந்தைய மார்க் ஷீட், பழைய ரசீதுகள் ஆகியவற்றைக் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அரியர் இருந்தால் கேள்வி வரும், ஆனால் அதனால் மட்டும் கடன் நின்றுவிடாது.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு 2021 முதல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. அவர்களுக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம். முதல் பட்டதாரி சலுகை உள்ளவர்கள் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுக் கடன் கேளுங்கள்.

தவணை தொடங்கும்போது நடக்கும் விபத்து வேறு மாதிரி. வங்கி அனுப்பும் கடிதம் பழைய வாடகை வீட்டுக்குப் போகும், எஸ்.எம்.எஸ். தூக்கிப்போட்ட சிம்முக்குப் போகும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். மகனுக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே சிபில் விழும். வேலை கிடைக்கவில்லை என்றால் ஒளியாதீர்கள். வேலையில்லாத காலத்துக்கு இடையில் இரண்டு மூன்று முறை அவகாசம் தரவும், முதலில் குறைந்த தவணையும் பின்னால் கூடுதல் தவணையும் வைக்கவும் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கிளையில் பலருக்கு இது நினைவில் இருக்காது. 90 நாளுக்கு முன்பே, வேலை தேடுவதற்கான சான்றோடு எழுத்தில் கேட்டால் பேச இடம் உண்டு, பிறகு கேட்டால் கஷ்டம். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. "பாதி கட்டி முடிச்சுக்கலாம்" என்ற ஒன்டைம் செட்டில்மென்ட்டை வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் எடுங்கள். அது சிபிலில் 'செட்டில்டு' என்று பதிவாகி, பிற்பாடு வீட்டுக் கடனுக்குப் போகும்போது குறுக்கே நிற்கும்.

காலத்தை 15 வருடமாக நீட்டினால் மேலே சொன்ன 7,136 ரூபாய்த் தவணை 5,803 ஆகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 1,88,000 ரூபாய் கூடும். ஆரம்பச் சம்பளம் குறைவாக இருந்தால் 15 வருடத்தையே எடுத்துக்கொண்டு, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபருக்குத் தரும் கடனை, கல்விக் கடனும் அதில் சேரும், முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கட்டும்போது 'அசலுக்கு' என்று எழுதிக் கொடுங்கள். வருமான வரியில் கல்விக் கடன் வட்டி முழுவதுக்கும் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும், வட்டி கட்டத் தொடங்கிய வருடத்தையும் சேர்த்து எட்டு வருடத்துக்கு.

கடைசித் தவணை முடிந்ததும் நோ டியூ சர்டிபிகேட் வாங்குங்கள். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால் 30 நாளில் திரும்ப வர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இரண்டு மாதம் கழித்துச் சிபில் ரிப்போர்ட்டில் கணக்கு 'குளோஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புகார் போடுங்கள், 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும். இணைக் கடன்தாரரின் ரிப்போர்ட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.