வைட்டமின் பி12 ஊசி: ஒருநாள் விட்டு ஒருநாளா, வாரமா, மாதமா? இல்லை மாத்திரையே போதுமா?

கடைக்கு வருகிறவர்கள் கையில் சீட்டு ஒன்றுதான் இருக்கும், கணக்கு மட்டும் மூன்று இருக்கும். நாகர்கோவில் டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதியிருப்பார், இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் போனில் "இங்க மூணு மாசத்துக்கு ஒண்ணுதாம்மா போடுவோம்" என்று சொல்லியிருப்பாள், பக்கத்து வீட்டு அக்கா தனக்கு மாத்திரையிலேயே சரியாகிவிட்டது என்பார். தக்கலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இந்தக் குழப்பத்தோடு யாராவது வராத வாரம் கிடையாது. மூன்று பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு மருந்துக்கும் வெவ்வேறு நோயாளிக்கும் போட்ட கணக்கு, அதைக் கலந்துவிடும்போதுதான் ஆபத்து.

முதலில் மருந்தைப் பார்ப்போம். பழுப்புக் கண்ணாடிக்குள் சிவப்பாக இருக்கும் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், லேபிளைப் படித்தால் சயனோகோபாலமின், ஹைட்ராக்சோகோபாலமின், மெத்தில்கோபாலமின் என்று மூன்று பெயர் வரும். சயனோ அமெரிக்காவில் புழங்குவது, ஹைட்ராக்சோ இங்கிலாந்தில், மெத்தில் ஜப்பானிலும் நம்ம ஊரிலும். சயனோவை 1000 மைக்ரோகிராம் போட்டால் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும், உடம்பில் தங்குவது நூறு, நூற்றைம்பது மைக்ரோகிராம் அளவுதான். ஹைட்ராக்சோ ரத்தப் புரதத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால் அதைவிட அதிகம் தங்கும். இங்கிலாந்தில் இரண்டு மூன்று மாத இடைவெளி தாங்குவது அதனால்தான். மகள் சொன்ன மூன்று மாதக் கணக்கை எடுத்து இங்கே சயனோ ஊசிக்குப் பொருத்தினால், அடுத்த ஊசி வருவதற்குள் பலருக்குத் தளர்ச்சி திரும்பிவிடும்.

இப்போது அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க வழக்கப்படி 1000 மைக்ரோகிராம் சயனோவை ஒரு வாரம் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ போட்டு, அப்புறம் நான்கு முதல் எட்டு வாரம் வரை வாரம் ஒன்று, அதற்குப் பின் மாதம் ஒன்று. இங்கிலாந்தில் நரம்புக் கோளாறு இல்லாதவருக்கு 1000 மைக்ரோகிராம் ஹைட்ராக்சோ, வாரம் மூன்று வீதம் இரண்டு வாரம், அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஜப்பானில் மெத்தில் 500 மைக்ரோகிராம்தான், ஆனால் வாரம் மூன்று முறை, ரத்தசோகைக்கு என்றால் சுமார் இரண்டு மாதம் அப்படிப் போட்டபின் இடைவெளியை நீட்டுவார்கள். நம்ம ஊரில் அதே மெத்தில் 1500, 2500 என்றெல்லாம் வருகிறது, பெரும்பாலும் வாரம் ஒன்று என்று எழுதப்படுகிறது.

நாடு எதுவானாலும் முதலில் நெருக்கிப் போட்டு, பிறகு இடைவெளி விடுகிறார்கள். நல்ல உடம்பில் 2000 முதல் 5000 மைக்ரோகிராம் வரை, பெரும்பாலும் கல்லீரலில், சேர்ந்திருக்கும். ஒரு ஊசிக்கு நூற்றைம்பது தங்கினால் காலியான சேமிப்பை நிரப்ப ஒன்றிரண்டு ஊசி எங்கே காணும்? ஒரே தடவையில் 2500 போட்டாலும் மிச்சம் சிறுநீரில்தான் போகும். அதனால் அளவு பெரிய ஆம்பூலைவிட, நெருக்கமாகப் போடும் சிறிய ஆம்பூல்தான் என் பார்வையில் மேல்.

நரம்பு பாதித்திருந்தால் கணக்கே வேறு. இங்கிலாந்தில் அவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, இனி முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும்வரை, அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒன்று. நாலு வாரம் நாலு ஊசி என்று முடித்துக்கொள்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தம் சீக்கிரம் தேறும், ஒரு வாரத்தில் புது அணுக்கள் வரத் தொடங்கும், இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சரியாகும். நரம்புக்கு மாதக்கணக்கில் ஆகும், தாமதித்தால் கொஞ்சம் பாதிப்பு அப்படியே நின்றும்விடும்.

ஒரு வயதான அம்மா கடைக்கு வந்து, "தம்பி, காலு மதமதன்னு இருக்கு, அந்தச் சிவப்பு சத்து ஊசி ஒண்ணு தா" என்று கேட்டார். அவருடைய ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்று வாசல்படியிலேயே கழன்று கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே காலையில் எழுந்ததும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஒன்று. "மதமதப்பு சர்க்கரையால இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். சர்க்கரையாலும் வரும்தான், ஆனால் பி12 குறைந்தாலும் அதே மதமதப்பு, அதே எரிச்சல், கண்ணை மூடினால் அதே தள்ளாட்டம். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். அமில மாத்திரை இன்னொரு பக்கம் அடைக்கும், ஏனென்றால் மீனிலும் இறைச்சியிலும் பி12 புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது, வயிற்று அமிலம் இருந்தால்தான் அது கழன்று வரும். சாளையும் அயலையும் சிப்பியும் தின்கிற ஊரில் பி12 எப்படிக் குறையும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவரை ஊசி போடாமல் முதலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு ஊசி போட்டுவிட்டால்கூட ரத்தத்தில் அளவு எகிறிவிடும், அதன்பின் ரிப்போர்ட்டைப் பார்த்து உண்மையில் குறைவு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று எடுப்பார்கள். 200க்கும் 300க்கும் நடுவே இருந்து அறிகுறியும் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை (பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் பொருளை அளப்பது) உதவும்.

சரி, மாத்திரை? ஊசியே மேல் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது, ஆனால் அந்த அக்கா சொன்னது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். உணவிலிருந்து ஒரு வேளைக்கு உடம்பு முறையான வழியில் எடுப்பது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். அந்த வழி முழுக்க அடைபட்டாலும் பெரிய அளவு மாத்திரையில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடல் வழியே கசிந்து ரத்தத்தில் சேரும். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 கிடைக்கும், ஒரு நாள் தேவையோ இரண்டு, இரண்டரைதான். மாத்திரையில் இருப்பது புரதத்தோடு பிணையாதது என்பதால் அமிலமும் தேவையில்லை. 1998-இல் வந்த ஆய்வு ஒன்றில் தினம் 2000 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்தவர்களின் ரத்த அளவு, நாலு மாதம் கழித்து ஊசிக்காரர்களைவிட உயர்ந்தே இருந்தது. சுவீடனில் பல பத்தாண்டுகளாக மாத்திரைதான் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தசையில் குத்தினால் ரத்தம் கட்டும் பயம் உண்டு, அவர்களுக்கு டாக்டர்கள் மாத்திரையைத்தான் முதலில் யோசிப்பார்கள்.

ஆனால் மாத்திரை தினமும் போட வேண்டும், அங்கேதான் இடறுகிறது. ஒரு அட்டை முடிந்ததும் நிறுத்துகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். சைவக் குடும்பத்தில் சாப்பாட்டால் மட்டும் குறைந்தவர், மெட்ஃபார்மினால் லேசாகக் குறைந்தவர் என்றால் மாத்திரை போதும் என்பேன். கால் மதமதப்பு, தள்ளாட்டம், மறதி, நாக்கெல்லாம் புண்ணாகி ரத்தம் ரொம்பக் குறைந்தவர் என்றால் ஊசியில் தொடங்குவதே சரி, தேறியபின் மாத்திரைக்கு மாறுவதை டாக்டரிடம் பேசலாம். வயிறு அல்லது சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுத்து எடுத்தவருக்கும், பி12-ஐ உறிஞ்ச உதவும் பொருளை உடம்பே அழித்துவிடும் பெர்னிஷியஸ் ரத்தசோகைக்காரருக்கும் எந்த வழியானாலும் ஆயுள் முழுக்க வேண்டும்.

சயனோவைவிட மெத்தில் நரம்புக்கு உயர்ந்தது என்று விலை கூட்டி விற்கிறார்கள். செல்லுக்குள் போனதும் எல்லா வகையையும் உடம்பு ஒரே வடிவத்துக்குக் கழற்றி, தனக்கு வேண்டியபடி மறுபடி கட்டிக்கொள்கிறது, அதனால் சாதாரணக் குறைவுக்கு அந்த விலை வித்தியாசம் எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. பி1, பி6 எல்லாம் சேர்ந்த கலவை ஊசி இன்னும் யோசிக்க வேண்டியது. பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே கால் மதமதப்பைக் கொண்டுவரும். கலவை மாத்திரையும் கலவை ஊசியும் சேர்ந்த சீட்டோடு வருபவர்களிடம் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

நாலு ஊசிக்கு அப்புறம் ரிப்போர்ட்டில் பி12 2000 பிகோகிராமுக்கு மேல் என்று வந்ததும் "தேறிட்டுது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது ஊசி மருந்தின் அளவு, கல்லீரல் நிரம்பியதற்கோ நரம்பு ஆறியதற்கோ சாட்சி இல்லை. நிறுத்துவதா, இடைவெளி நீட்டுவதா என்பதை அறிகுறியையும் காரணத்தையும் வைத்து டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். ரத்தசோகை என்று கேள்விப்பட்டதும் வீட்டில் கிடக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் எடுத்துப் போடவும் வேண்டாம், ரத்தம் தேறியது போலக் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அடுத்த டாக்டரிடம் போகும்போது காலி ஆம்பூலையோ அதன் அட்டையையோ எடுத்துப் போங்கள், மருந்தின் பெயர், மைக்ரோகிராம், போட்ட தேதி மூன்றும் ஒரு சீட்டில் இருந்தால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.