பச்சிளங்குழந்தையின் பால் கணக்கு: நோட்டுப் புத்தகமா, கூகுள் ஷீட்டா, நாமே எழுதும் வலைப்பக்கமா?

பிறந்த குழந்தையோடு வீடு திரும்பிய பெற்றோரிடம் குழந்தை நல மருத்துவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடிக்கிறது, எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, மலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பவையே அவை. தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். ஐந்தாறு நாட்கள் கடந்த பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதிய அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்புதான் என்றாலும், குறைந்த எடை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கணக்கு உண்மையிலேயே உதவுவது இந்த இரண்டு வாரத்தில்தான். இரவும் பகலும் கலந்துபோன அந்த நாட்களில் யாருடைய நினைவையும் நம்பிப் பதில் சொல்ல முடியாது.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் விருப்பத்துக்காக வலைப்பக்கங்கள் எழுதிப் பழகிய ஒருவர் தகப்பனாகும்போது, இந்தக் கணக்கைப் பார்த்ததும் கை பரபரக்கும். நேரம், வகை, எண்ணிக்கை என்று மூன்றே மூன்று தகவல்கள். எழுதிப் பார்க்க இதைவிட நல்ல சிறு செயலி கிடைக்காது. எங்கள் மகள் பிறந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தலைப்பிரசவம் என்பதால் மனைவியும் குழந்தையும் தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய தாய்வீட்டில் இருந்தார்கள். நான் வார நாட்களில் சென்னையில் இருந்தேன். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தகப்பன் விடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. தனியார் துறையில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், பலர் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது வசதிகளின் பட்டியலை அல்ல. இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது, அவர் எழுதியதை மற்றவர்கள் பார்க்க முடிகிறதா என்பதைத்தான்.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று, அதில் நூலால் கட்டிய பேனா ஒன்று, தூளிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மனைவியின் அம்மாவான அத்தை ஒரு பக்கத்தில் மூன்று கோடு இழுத்து, நேரம், பால், துணி என்று தலைப்பிட்டு, பால் கட்டத்தில் இடப்பக்கத்துக்கு ‘இ’ என்றும் வலப்பக்கத்துக்கு ‘வ’ என்றும் எழுதத் தொடங்கினார். அன்று மாலைக்குள் வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது பழகிவிட்டது. கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதை விடிவிளக்கின் வெளிச்சத்திலேயே ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். கைபேசியைத் திறந்தால் அதன் வெளிச்சம் அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையின் முகத்தில் விழும். நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. மருத்துவரிடம் போகும்போது நோட்டையே எடுத்து நீட்டினால், அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துத் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வார்.

குறை ஒன்றுதான்: நோட்டு இருக்கும் இடத்தில்தான் கணக்கும் இருக்கும். சென்னையில் இருப்பவருக்கு அது எட்டாது. இதற்கும் எளிய வழி உண்டு. இரவு படுக்கும் முன் அன்றைய பக்கத்தை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். படம் அனுப்புவதால் நோட்டுக்கு ஒரு நகலும் கிடைத்துவிடுகிறது. கூட்டல், சராசரி, வரைபடம் எதுவும் நோட்டில் வராது என்பதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை, ஏனென்றால் பன்னிரண்டு வரிகளை எண்ணுவதற்குக் கணினி வேண்டியதில்லை.

ஆயத்தச் செயலிகள்

இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்தவை ஆங்கிலத்தில் இருந்தன, தொடக்கத்திலேயே கணக்குத் திறக்கச் சொல்லிக் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டன. தனிமனிதத் தகவல்கள் பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையின் விவரத்தைத் தருவதற்கு முன் அந்த ஒப்புதலைத் தர மனம் வருகிறதா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் கைபேசியை நன்கு கையாள்பவர்களாக, ஒரே வீட்டில், வேறு துணையின்றி இருந்தால் இவை உதவலாம். தாய்வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து பார்த்துக்கொள்ளும் குழந்தைக்கு இவை பொருந்தவில்லை.

கூகுள் ஃபார்மும் ஷீட்டும்

நிரல் எதுவும் எழுதாமல் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடியது இது. நான்கு தெரிவுகள் கொண்ட ஒரு கேள்வியை வைத்து ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, பதில்கள் ஷீட் என்ற அட்டவணையில் சேரும்படி செய்து, ஃபார்மின் இணைப்பை மனைவி, அத்தை ஆகிய இருவருடைய கைபேசியின் முகப்பிலும் ஒரு சிறு சின்னமாக வைத்துவிட்டால், தொட்டு அனுப்ப வேண்டியது மட்டுமே அவர்கள் வேலை. அனுப்பிய நேரம் தானாகவே ஷீட்டில் பதிவாகும். சென்னையில் இருந்தபடி அதை உடனே பார்க்கலாம். நாளொன்றுக்கான எண்ணிக்கையை ஒரு சூத்திரத்தில் எடுத்துவிடலாம். ஷீட்டின் அமைப்பில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதை மட்டும் முதல் நாளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் சிக்கல் அந்தத் தானியங்கி நேரத்தில்தான் இருக்கிறது. ஷீட்டில் விழுவது ஃபார்மை அனுப்பிய நேரமே தவிர, பால் கொடுத்த நேரம் அல்ல. ‘நோட்டுல எழுதிட்டேன் மாப்பிள்ளை, போன்ல அப்புறம் போட்டுக்கலாம்’ என்று அத்தை சொன்னது முற்றிலும் நியாயமானது. ஆனால் காலையில் காபி குடித்துவிட்டு அவர் இரவு முழுவதற்கும் சேர்த்துப் பதிந்தால், நான்கு முறை கொடுத்த பாலும் ஆறரை மணிக்கே கொடுத்ததாகப் பதிவாகும். இதற்காக நேரத்தைக் கேட்கும் இரண்டாவது கேள்வியைச் சேர்த்தால், தொட்டு அனுப்பும் எளிமை போய்விடுகிறது. மேலும், கெட்டிச் சுவர் கொண்ட பழைய வீட்டின் உள்ளறையில் இணையம் விட்டுவிட்டுத்தான் வரும். இணைப்பு இல்லாத நேரத்தில் ஃபார்ம் போகாது. ஆனாலும், தொலைவில் இருக்கும் தகப்பனுக்கு நோட்டுக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நாமே எழுதும் பக்கம்

இங்கே உண்மையான போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்தான். ஒன்று, ரியாக்ட் போன்ற ஒரு கட்டமைப்பை, அதாவது செயலி எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்து, தரவுத்தளமும் உள்நுழைவும் வைத்து முழுமையான செயலியாக எழுதுவது. மற்றொன்று, வலைப்பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று மொழிகளையும் ஒரே கோப்பில் வைத்து, எந்தத் தொகுப்புக் கருவியும் இல்லாமல் எழுதுவது. திறமையில் எது உயர்ந்தது என்று இதைப் பார்க்கக் கூடாது. குழந்தை பிறந்த வீட்டில் தகப்பனுக்குக் கிடைக்கும் நேரம் இருபது, முப்பது நிமிடத் துண்டுகளாகத்தான் வரும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு வாரம்கூடப் போய்விடலாம். கட்டமைப்பில் எழுதிய செயலியை ஒரு வாரம் கழித்துத் திறந்தால், எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவரவும், அது சார்ந்திருக்கும், பிறர் எழுதிய நிரல் பொதிகளைப் புதுப்பிக்கவுமே அந்த அரை மணி நேரம் சரியாகிவிடும். ஒற்றைக் கோப்பாக இருந்தால் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாலே எல்லாம் விளங்கிவிடும். அதனால் இந்த வேலைக்கு நான் தயங்காமல் ஒற்றைக் கோப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அந்தக் கோப்பில் வேண்டியது மிகக் குறைவு. இடம், வலம், சிறுநீர், மலம் என்று நான்கு பொத்தான்கள் போதும். எல்லோரும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைக்கச் சொல்லும் வலை அணுகல்தன்மை வழிகாட்டிகளின் மிக உயர்ந்த நிலைகூடத் தொடுபரப்பு 44 பிக்சல் இருந்தால் போதும் என்கிறது. ஒரு கையில் குழந்தையை ஏந்தியிருப்பவருக்கு அது போதாது. திரையின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், திரையின் முழு அகலத்துக்கு ஒவ்வொரு பொத்தானும் இருக்க வேண்டும். பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும். நேரத்தைத் திருத்தக் கடிகாரச் சக்கரத்தைச் சுழற்ற வைப்பதற்குப் பதிலாக, ‘15 நிமிடம் முன்பு’, ‘30 நிமிடம் முன்பு’ என்று இரண்டு சிறு பொத்தான்களும், தவறாகத் தொட்டதை நீக்க ஒரு பொத்தானும் வைத்தால் ஃபார்மில் இருந்த குறை இங்கே தீர்ந்துவிடுகிறது.

தேதியைக் கையாளும் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் நேரத்தை ஐஎஸ்ஓ வடிவச் சரமாக, அதாவது தேதியில் தொடங்கும் ஓர் எழுத்து வரிசையாக மாற்றினால், அது உலகப் பொது நேரத்தில் வரும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பதினைந்தாம் தேதி அதிகாலை 2:10க்குக் கொடுத்த பால், பதினான்காம் தேதி 20:40 என்று பதிவாகும். அந்தச் சரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியாகக் கொண்டால், நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை நடந்த எல்லாமே முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும். பகலில் மட்டும் பயன்படும் செயலியில் இது கண்ணில் படாமலேயே போகலாம், ஆனால் பச்சிளங்குழந்தை பாலுக்காக அழுவதில் கணிசமான பங்கு அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் நிகழ்கிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பதிவுகளை முந்தைய நாளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளிடமிருந்து அதே அளவைப் பெற்றுக்கொள்வதால், மொத்த எண்ணிக்கை ஏறத்தாழச் சரியாகவே தோன்றும். நோட்டோடு ஒப்பிட்டால்தான் பிழை தெரியவரும். நேரத்தைப் பொது நேரமாகவே சேமித்து, எண்ணும்போது மட்டும் உள்ளூர்த் தேதியைக் கொண்டு எண்ணுவது ஒரு தீர்வு. அதைவிட நல்லது, தேதியையே விட்டுவிட்டு, ‘இந்த நொடியிலிருந்து முந்தைய 24 மணி நேரம்’ என்று எண்ணுவது. மருத்துவர் கேட்பதும் அதைத்தான்.

அடுத்தது, எங்கே சேமிப்பது என்ற கேள்வி. கைபேசிக்குள்ளேயே உலாவி வைத்திருக்கும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜ் ஏறத்தாழ 5 எம்பி வரை கொள்ளும். நாளொன்றுக்கு இருபது பதிவுகள், பதிவுக்கு அறுபது எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக் கணக்கும் அரை எம்பியைத் தாண்டாது. இடப் பற்றாக்குறை இல்லை என்றாலும், நிலைத்திருக்குமா என்பதில் ஐயம் உண்டு. ஐபோனின் சஃபாரி உலாவி, உலாவியைப் பயன்படுத்திய ஏழு நாட்களில் நாம் திரும்பிப் பார்க்காத தளம் இப்படிச் சேமித்தவற்றை அழித்துவிடும் முறையை 2020 முதல் வைத்திருக்கிறது. முகப்புத் திரையில் சேர்த்த பக்கங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. இதைவிட முக்கியமானது, அந்தச் சேமிப்பு அந்த ஒரு கைபேசிக்குள் மட்டுமே இருக்கும் என்பது. மனைவியின் கைபேசியில் ஒரு கணக்கு, அத்தையின் கைபேசியில் ஒரு கணக்கு, தகப்பனின் கைபேசியில் வெறும் பக்கம் என்றால், நோட்டில் இருந்த ஒற்றுமையைக்கூட இழந்துவிடுகிறோம்.

எனவே நான் கடைசியில் தேர்ந்தது இரண்டின் கலப்பு. பக்கம் நம்முடையது, சேமிப்பது கூகுள் ஷீட்டில், நடுவில் பதிவை ஷீட்டில் எழுதும் ஒரு சிறிய ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுளிலேயே இயங்கும் நிரல்). பதிவு முதலில் கைபேசியிலேயே வரிசையில் நிற்கும். இணையம் வந்ததும் ஷீட்டுக்குப் போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் ஒன்றே இருமுறை போனாலும் ஒரு வரிதான் விழும். பக்கத்தைக் கட்டணமின்றி இணையத்தில் ஏற்ற உதவும் கிட்ஹப் பேஜஸில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசக் கணக்கில் நிரல் கோப்புகளை வைக்கும் களஞ்சியம் பொதுப் பார்வைக்குத் திறந்தே இருக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் முகவரியை நிரலுக்குள் எழுதினால், அதைப் பார்க்கும் யாரும் நம் ஷீட்டில் எழுதலாம். அந்த முகவரியை ஒவ்வொரு கைபேசியிலும் ஒருமுறை உள்ளிட்டு அங்கேயே சேமித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. குழந்தையின் பெயரை எங்கும் எழுத வேண்டிய தேவையே இல்லை.

எப்போது எதை எடுப்பது

முதல் இரண்டு வாரத்துக்கு நோட்டுப் புத்தகம்தான் என் தேர்வு. வேறு எதுவும் அதற்கு அருகில்கூட வரவில்லை. தாயும் பாட்டியும் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் காலத்தில், அவர்கள் பழக்கத்துக்கு வந்த கருவியை மாற்றச் சொல்வது தவறு. பதிவு விட்டுப்போனதற்காகத் தாயைக் கேள்வி கேட்பது அதைவிடப் பெரிய தவறு. தகப்பன் தொலைவில் இருந்து, தாய்க்கும் விருப்பம் இருந்தால், மூன்றாம் வாரத்தில் ஃபார்மைத் தொடங்கலாம்.

சொந்தப் பக்கம் எழுத விரும்புபவர் அதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போன பிறகு, தனியே இருக்கும் மாலை வேளைகள் அதற்கு மிகவும் ஏற்றவை. அத்தையின் கைபேசியில் போட்டுப் பார்த்து, எழுத்து தெரிகிறதா, பொத்தான் எட்டுகிறதா என்று கேட்டுத் திருத்தவும் அப்போதுதான் நேரம் இருக்கும். குழந்தை வந்த பிறகு பிழை திருத்தலாம், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். வார இறுதியில் ஊருக்குப் போகும் தகப்பன், துணி மாற்றுவதையும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மனைவியை மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுவதற்கு ஈடாக எந்தச் செயலியும் இல்லை.

தடுப்பூசிக் கணக்கை இவற்றில் எதிலும் வைக்க வேண்டாம். பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை பி ஆகியவையும், 6, 10, 14 வாரங்களில் போடுபவையும் தாய் சேய் நல அட்டையில் செவிலியர் கையால் எழுதப்படுகின்றன. எடையும் அதிலேயே குறிக்கப்படுகிறது. ஆறாம் வார ஊசிக்குப் போகும்போது எடை ஒழுங்காக ஏறியிருந்து, இனி அழும்போது கொடுத்தால் போதும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டால், ஷீட்டை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டு, பால் கணக்கு எழுதுவதை அத்துடன் முடித்துவிடலாம்.