கருவின் மரபணு எப்போது விழிக்கிறது: கோழியும் காங்கேயம் பசுவும்

கரு உருவானதும் முதல் செல் பிரிவுகளைப் பெரும்பாலும் நடத்துபவை, தாய் கருமுட்டையில் சேமித்துவைத்த ஆர்.என்.ஏ.வும் புரதங்களுமே. கருவின் சொந்த மரபணுக்கள் பிறகுதான் பொறுப்பேற்கின்றன. இந்தக் கைமாற்றத்தை ஆராயக் கோழி ஏற்றதா, பசு ஏற்றதா என்பதே கேள்வி.

கோழியில் இது முட்டை இடப்படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பல்லடம் பக்கத்துப் பொரிப்பகங்களுக்கு வரும் முட்டையில் ஏற்கெனவே பல்லாயிரம் செல்கள் இருக்கும். (நாமக்கல்லின் உணவு முட்டைகள் கருவுறாதவை, அவற்றுக்கு இது பொருந்தாது.)

பசுவிலோ 8 முதல் 16 செல் நிலையில்தான் பெரும் விழிப்பு நிகழ்கிறது. ஆய்வகத்தில் உருவாக்கும் கருக்களில் பல இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. கரு மாற்றத்தால் (ஒரு கருவை வேறொரு பசுவின் கருப்பையில் வைத்து வளர்ப்பதால்) காங்கேயம் இனத்தைப் பெருக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அதனால் என் தேர்வு பசுவே. கோழியில் அந்தத் தருணத்தைக் காண்பதே கடினம்.