கால் காட்டினா பூட் தொறக்கல: ஒரிஜினல் சென்சாரா, வெளி கிட்டா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன தாண்டி எங்க தோட்டத்துக்குள்ள போற கடைசி ரெண்டு கிலோமீட்டர் செம்மண் ரோடு, செம்பனை லோரி ஓடி ஓடி குழியா கிடக்கும். இந்த ரோட்டுல ஓடுற காடிக்கு (காருக்கு) பம்பர் கீழ கால நீட்டினா பூட் தொறக்குற சொகுசு எதுக்குன்னு கேட்டாங்க, கோயில் திருவிழா அன்னிக்கு ரெண்டு கையிலயும் சாம்பார் வாளிய தூக்கிட்டு காடி பின்னாடி நின்னா தெரியும் எதுக்குன்னு. (நம்மூர்ல பாதி பேருக்கு இது பொனெட், சண்டைக்கு வராதீங்க, பின்கதவத்தான் சொல்றேன்.)

போன மழைக்காலத்துல என் காடில அந்த கால் சென்சார் படுத்துருச்சு. ஒரிஜினல் சென்சாரையே சரி பண்ணலாம், இல்லாட்டி எக்சஸரி கடைல வெளி கிட் (தனியா விக்கிற சென்சார் செட்) போடலாம். சும்மா சாவி பட்டன அமுக்கிட்டு போயிடலாம்னும் சொன்னாங்க, வாளிய கீழ வைக்காம பாக்கெட்ல எப்படி கை விடுறதுன்னு அவங்க சொல்லல.

நான் ஒரிஜினல் பக்கம். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி சாவி பேட்டரிய மாத்திப் பாருங்க, நிறைய சாவில சிஆர்2032தான், பேட்டரி வீக்கானா பின்னாடி இருக்கற ஆண்டெனாவுக்கு சாவி பக்கத்துல இருக்குன்னே தெரியாது, நீங்க எத்தன உதை உதைச்சாலும் வேலைக்காகாது. சாவியையும் ஹேண்ட்போனையும் ஒரே பாக்கெட்ல ஒட்டி வச்சாலும் தகராறு வரும். மெனுவுல யாராச்சும் ஆஃப் பண்ணி வச்சிருக்காங்களானும் பாருங்க, எங்க வீட்டுல சின்னவன் பண்ணின வேலை அது ஒரு தடவ.

அப்புறம் உதைக்கிற விதம். என் காடில பம்பருக்கு உள்பக்கம் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு சென்சார் பட்டை ஓடுது, மேல உள்ளது முழங்காலுக்குக் கீழ இருக்கற பகுதிய பார்க்கும், கீழ உள்ளது பாதத்த. ரெண்டுக்கும் சட்டுனு ஒண்ணா தெரிஞ்சு உடனே மறையணும், அப்பதான் ஆளுன்னு ஒத்துக்கும், இல்லன்னா பூனை புகுந்தாலும் தொறக்குமே. அதனால கால நேரா உள்ள நீட்டி நேரா இழுக்கணும், துடைப்பம் மாதிரி பக்கவாட்டுல ஆட்டக்கூடாது.

இதெல்லாம் சரியா இருந்தும் என்னுது தொறக்கல. போமன் (மெக்கானிக்) ஸ்கேனர் போட்டதும் சென்சார் கோளாறுன்னு எரர் கோட் வந்துச்சு, பம்பர கழட்டினா கீழ்பட்டையோட கிளிப் ஒண்ணு ஒடஞ்சு பட்டை தொங்குது, பிளக் உள்ள பச்சை பூத்திருக்கு, சேறு கட்டி கட்டியா. பிளக்க கிளீன் பண்ணி, புது கிளிப் போட்டு, எண்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். பட்டைய மாத்தவே இல்ல.

எனக்கு முடிவு பண்ண வச்சது இந்த பராமரிப்பு விஷயம்தான். ஒரிஜினல்னா எங்க கெட்டுப்போச்சுன்னு காடியே சொல்லுது, பிளக்க கழட்டி மாட்டலாம், நாளைக்கு வேற போமன்கிட்ட போனாலும் வயரிங் படம் பார்த்து கண்டுபிடிப்பார். என் மச்சான் காடில போட்ட வெளி கிட்ல பூட் சுவிட்ச் வயர வெட்டி ஜாயிண்ட் போட்டு, சென்சார டபுள் டேப்ல ஒட்டி விட்டாங்க. விலை கம்மி, கடைல காட்டும்போது ஜோரா வேலை செஞ்சுது, அத மறுக்கல. நம்ம வெயிலுக்கும் சேத்துக்கும் டேப் நாலு மாசத்துல கழண்டுருச்சு, ஸ்கேனர் போட்டா அது காடி கண்ணுக்கே தெரியல, எந்த வயர் எங்க போகுதுன்னு போட்ட ஆளுக்கு மட்டும்தான் தெரியும், அந்த ஆளு வேற கடைக்கு மாறிட்டாரு. நான் பார்த்தது இந்த ஒரு கிட்தான், டவுன் ரோட்டுலயே ஓடுற காடிக்கு நல்லா உழைக்கலாம். பிறவிலயே சென்சார் இல்லாத காடின்னா வேற வழியும் இல்ல.

டோபார் (டிரெய்லர் இழுக்குற கம்பி) போட்டிருக்கவங்க ரெண்டுலயும் யோசிங்க, பம்பர் கீழ இரும்பு வந்தா சென்சார் குழம்பும்.

இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பம்பர் அடிப்பக்கம் ஓஸ் பைப்ல தண்ணி அடிக்கிறேன், சாவிய வீட்டுக்குள்ள தூரமா வச்சிட்டுத்தான். மொத தடவ பாக்கெட்ல வச்சிட்டு அடிச்சேன், தண்ணிய காலுன்னு நெனச்சு பூட் தொறந்து உள்ள இருந்த அரிசி மூட்டை நனைஞ்சுருச்சு.