செல்வமகளா, பிபிஎஃப்பா, நகைச்சீட்டா? காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதத்தில் எது கைகொடுக்கும்

எங்களுக்கு இரண்டும் பெண். இரண்டு பேர் படிப்புக்கும் நாங்கள் போட்டது பிபிஎஃப்தான், அதாவது பொது வருங்கால வைப்பு நிதி. மூத்தவளுக்கு என் பெயரில் தொடங்கியபோது, பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டமே கிடையாது. அது 2015 ஜனவரியில்தான் வந்தது. இளையவள் கைக்குழந்தையாக இருந்தபோது தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்குக்கு வரிசை நின்றது. அப்போதும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, என் கணவர் பெயரில் இன்னொரு பிபிஎஃப் திறந்தோம். "செல்வமகள்ல கிடைக்கிற 8.2 சதவீதத்தை விட்டுட்டு யாராவது பிபிஎஃப்போட 7.1க்குப் போவாங்களா?" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இரண்டுக்கும் பொதுவானதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அரசுத் திட்டம், முதலுக்குப் பயமில்லை. ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் போடலாம். வட்டிக்கு வரி இல்லை. போடும் பணத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பையன் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுத் தபால் ஆபீஸ்களில் 'பொன்மகன்' என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது இதே பிபிஎஃப்தான்.

வட்டியில் செல்வமகள் ஒரு சதவீதத்துக்கு மேல் முந்துகிறது, அதில் பேச்சே இல்லை. ஆனால் படிப்புக்கென்று சேர்க்கும் பணத்தில் நான் முதலில் பார்ப்பது வேறு: பணம் எந்த வருஷம், எந்த மாதம், எவ்வளவு கைக்கு வரும்?

செல்வமகளில் 15 வருஷம் பணம் போட வேண்டும், கணக்கு முதிர்வதோ தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷத்தில். பெண்ணின் 21 வயதில் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. இரண்டு வயதில் தொடங்கினால் 23 வயதில் முதிரும், எட்டு வயதில் தொடங்கினால் 29. நடுவில் படிப்புக்கு எடுக்கலாம்: பத்தாவது முடித்த பிறகு, அல்லது 18 வயது ஆன பிறகு. ஆனால் முந்தைய மார்ச் 31 அன்று இருந்த தொகையில் பாதி வரைதான், அதுவும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு உட்பட்டு.

பிபிஎஃப் கணக்கு, தொடங்கிய நிதியாண்டு முடிந்து 15 வருஷத்தில் முதிர்கிறது. மூத்தவள் கணக்கை 2009-10இல் திறந்தோம். 2025 ஏப்ரல் 1 அன்று முதிர்ந்தது. அந்த மார்ச்சில்தான் அவள் பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது நடக்கும்போது திறந்தால் இப்படித் தானாகவே பொருந்தி வரும்.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆண்டுக்கு 60,000 ரூபாய், ஒவ்வொரு ஏப்ரலும் 5ஆம் தேதிக்குள், 15 வருஷம். இன்றைய வட்டி அப்படியே நீடிக்கும் என்று வைத்துக்கொள்வோம் (நீடிக்காது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம்). பிபிஎஃப்பில் போட்ட 9 லட்சம் சுமார் 16.27 லட்சமாகி முழுதும் கையில் இருக்கும். செல்வமகளில் அதே நேரத்தில் சுமார் 17.9 லட்சம் இருக்கும். ஆனால் எடுக்க முடிவது கிட்டத்தட்ட 8.95 லட்சம். மீதி நல்ல வட்டியில் வளர்ந்துகொண்டிருக்கும்தான். ஆனால் அது கைக்கு வரும்போது டிகிரி முடிந்திருக்கும், அல்லது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

அட்மிஷன் நடக்கும் வேகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது புரியும். பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்கி, 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்துவிட்டால், சொன்ன சில நாட்களுக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர்ந்தாக வேண்டும். செல்வமகளில் பணம் எடுக்க அட்மிஷன் கடிதமோ ஃபீஸ் ரசீதோ காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் யாரிடமாவது கைமாற்று வாங்க ஓட வேண்டியிருக்கும். முதிர்ந்த பிபிஎஃப்புக்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வசதியும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. முதிர்ந்த கணக்கை மூடாமல், மேற்கொண்டு பணமும் போடாமல் அப்படியே விட்டால், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நிதியாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். நான்கு வருஷப் படிப்புக்கு நான்கு முறை எடுத்தால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

செல்வமகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்த கையோடு தொடங்கி, டிகிரிச் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொண்டு, மேல்படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சேர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல வட்டி தபால் ஆபீஸில் கிடையாது. நடுவில் நினைத்தபோதெல்லாம் கை வைக்க முடியாது என்பதே சில வீடுகளில் பெரிய பாதுகாப்பு.

பிபிஎஃப்பின் பலம் சீக்கிரம் தொடங்குவதில்தான் இருக்கிறது. குழந்தைக்கு எட்டு வயதில் திறந்தால் முதிர்வு 23, 24க்குப் போய்விடும். நடுவில் எடுக்கும் தொகையும் பழைய வருஷ இருப்பை வைத்துக் கணக்கிடுவதால் சொற்பமாகவே வரும். ஐந்து வருஷம் முடிந்த பிறகு உயர்படிப்புக்காகக் கணக்கையே மூடலாம், வட்டியில் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அப்போது அட்மிஷன் காகிதம், ஃபீஸ் பில் எல்லாம் இங்கேயும் கேட்பார்கள். அந்த நிலையில் நான் மேலே அளந்த பெருமையில் பாதி போய்விடும்.

நகைச்சீட்டு அத்தையின் கட்சி. "பொண்ணுக்குப் போட்ட மாதிரியும் ஆச்சு, ஆத்திர அவசரத்துக்கு ஆச்சு" என்பார். 2024 தொடக்கத்தில் 47,000 அளவில் இருந்த பவுன், 2025 முடிவதற்குள் 90,000ஐத் தாண்டியபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விலை ஏற்றத்தில் அவர் ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகை விற்கப் போகும்போது கட்டிய 3 சதவீத ஜிஎஸ்டி திரும்பாது. செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கியிருந்தால் அதுவும் போச்சு. அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் பக்கம் படிப்புக்காக யாரும் நகையை விற்பதில்லை, அடகுதான் வைக்கிறார்கள். அப்படியென்றால் அது சேமிப்பா, கடனுக்கான ஈடா? பதினோரு மாதச் சீட்டுக்கு இன்னொரு சிக்கல், முடிவில் நகையாகத்தான் வாங்க வேண்டும், பணமாகத் தரமாட்டார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி, அதாவது ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது, அதைப் பற்றி நான் அளந்து பேச வேண்டும். நாங்கள் போடுவது சின்னத் தொகை, தொடங்கி ரொம்ப நாளும் ஆகவில்லை. 15 வருஷம் போட்டவர்கள் பிபிஎஃப்பைவிட நன்றாகவே பார்த்திருக்கிறார்கள் என்பது அக்கம்பக்கத்தில் கேட்ட அளவில் தெரியும். என் பயம் கடைசி வருஷத்தைப் பற்றியது. 2020 மார்ச் 24 அன்று தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிந்தது; முந்தின நாள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 7,610இல் நின்றது. ஜனவரியில் அது 12,300க்கு மேல் இருந்தது. நவம்பரில் மீண்டுவிட்டது என்பது உண்மை, ஆனால் ஃபீஸ் தேதி அதுவரை காத்திருக்காது. பிளஸ் ஒன் வரும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எஃப்டியில் மாற்றிவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு வருமா என்பது போகப் போகத்தான் தெரியும்.

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர எது தோது என்று கேட்டால், அதிலும் பாஸ்புக்குக்கே என் ஓட்டு. மூத்தவள் ஐந்தாவது படிக்கும்போதிலிருந்து தபால் ஆபீஸில் பணம் கட்டும் எஸ்பி 103 சீட்டை அவளே நிரப்புவாள். தொகையை எழுத்தில் எழுதும் இடத்தில் 'ஐயாயிரம் மட்டும்' என்று எழுதத் தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஒரு ஏப்ரலில் பாஸ்புக் பதிந்து வாங்கியபோது மார்ச் 31 வரியில் விரலை வைத்து, "இதை நாம போடலையே, யாரு போட்டா?" என்றாள். வட்டியை அதற்குமுன் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன், அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. இன்றைய 7.1 விகிதத்தில் ஒரே அளவு போட்டுக்கொண்டே வந்தால், பதினோராவது வருஷத்தில் அந்த வட்டி வரி, நாம் அந்த வருஷம் போட்டதையே தாண்டிவிடும். ஃபண்ட் ஆப்பைக் காட்டினால் இளையவள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிதான் பார்க்கிறாள், ஏறினால் கைதட்டு, இறங்கினால் உச். பத்து வயது ஆனதும் தபால் ஆபீஸில் அவள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு திறந்து, அவளே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். பொங்கல் காசெல்லாம் இப்போது அங்கே போகிறது.

தொகை பிள்ளைக்கும் தெரிந்திருந்ததில் ஒரு நன்மை. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஃபீஸ் பட்டியல் வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. மூத்தவள்தான் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் கூட்டி, "இது ரெண்டரை வருஷத்துக்குத்தான்மா வரும்" என்று தாளைத் தள்ளிவைத்தாள். பிறகு கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எடுத்தாள்.

பிள்ளை ஏற்கெனவே பத்தாவதுக்கு வந்துவிட்ட வீடுகளுக்கு இந்த ஒப்பீட்டில் பெரிய உபயோகம் இல்லை. அங்கே புதிதாகச் செல்வமகள் திறக்கவே முடியாது, வயது பத்துக்குள் இருக்க வேண்டும். மாதாமாதம் கட்டும் தபால் ஆபீஸ் ஆர்டியும் ஐந்து வருஷம். வங்கியில் இரண்டு வருஷ ஆர்டி ஒன்று போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கல்விக் கடனைப் பார்ப்பதுதான் வழி. வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, 4 லட்சம் வரை நம் கைப்பங்கும் போட வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது, ஆனால் அதுவரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தால் படிக்கும்போதே அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.