அரசைக் கைப்பற்றுவதா, அரசையே களைவதா?

சமூக மாற்றம் வேண்டும் என்று உறுதியாக நம்பும் நாகர்கோவில் இளைஞர்கள் பலர், அதற்கான வழி மார்க்சியமா அரசின்மைவாதமா என்று என்னிடம் கேட்கிறார்கள். 1872-இல் ஹேக் மாநாட்டில், ரஷ்ய அரசின்மைவாதி பக்கூனின், மார்க்ஸ் முன்னின்ற அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டபோது பிளவின் மையத்தில் இருந்ததும் இக்கேள்விதான்.

அதிகாரம்
மார்க்சியம்: உழைப்பாளர் கையில் அரசு வந்து, வர்க்கங்கள் மறைந்தால் அரசும் உதிர்ந்துவிடும்.
அரசின்மைவாதம்: சிலர் கட்டளையிடப் பலர் பணியும் அமைப்பே அரசு என்பதால், அதில் அமரும் தொழிலாளியும் ஆள்பவராகிவிடுவார்.
1921-இல் ரஷ்யாவின் கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளின் எழுச்சியை மார்க்சியப் புரட்சி அரசே படையனுப்பி ஒடுக்கியதை எண்ணும்போது, பக்கூனினின் இந்த எச்சரிக்கையே சரி என்று எனக்குப் படுகிறது.

நடைமுறை
மார்க்சியம்: மையத் திட்டமிடல்.
அரசின்மைவாதம்: தன்விருப்பக் கூட்டு.
நம் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதைப் பாருங்கள்: இரு கயிறுகளையும் இரு வரிசையாகப் பற்றி, ஒரே குரலுக்கு அடியெடுத்து இழுப்பவர்கள், வலை கரையேறியதும் மீனை விற்றுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், பங்கைப் பிரிக்க அங்கே போலீஸ் தேவைப்படுவதில்லை. ஆனால், திருவிதாங்கூர் அரசு 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையை இப்படிக் கட்டியிருக்க முடியுமா? ஊர்க் கூட்டுகளை இணைக்கும் கூட்டமைப்பே அரசின்மைவாதிகளின் பதில். அது எனக்கு முழு நிறைவு தரவில்லை.

நிலைப்பு
மார்க்சிய அரசுகள் பல பத்தாண்டுகள் நின்றன. 1936-இல் ஸ்பெயினின் கத்தலோனியாவில் அரசின்மைவாதிகளின் முயற்சியில் எழுந்த கூட்டுப் பண்ணைகள் உள்நாட்டுப் போரோடு முடிந்தன.

அணை, மருத்துவமனை போன்ற பெரும்பணிகளை முதலில் எண்ணுபவருக்கு மார்க்சியம் பொருந்தும்; குளமும் கடலும் அவற்றால் வாழ்வோரின் முடிவிலேயே இருக்க வேண்டும் என்பவர் அரசின்மைவாதிகளையே நாடலாம்.