ரெண்டு வருஷமா ஆப்ல ஜெர்மன்: வெர்ப் எங்கடா போச்சு?

ஆப் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமாடானு ஃப்ரெண்ட் கேட்டான். ஒரு வரில பதில் சொல்லலாம்னு உக்காந்தேன், முடியல. பேர் வேணாம், நான் பாத்த வரைக்கும் எல்லா ஆப்பும் ஒரே குட்டைல ஊறின மட்டைதான்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். வார்த்தைங்க நல்லா மனசுல ஏறுது, பஸ்ல நின்னுக்கிட்டே பத்து நிமிஷம் ஓட்டலாம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னாடி ஆண்பாலுக்கு டெர், பெண்பாலுக்கு டீ, ரெண்டும் இல்லாததுக்கு டஸ்னு போடணும், இந்தக் குழப்பத்துக்கு ஆப்பைத் திட்ட முடியாது. ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி ரெண்டும் இல்ல, பொண்ணுன்னு அர்த்தம் வர்ற மேட்ஷெனுக்குக்கூட டஸ்தான். உயர்திணை அஃறிணைனு ஆளைப் பாத்துப் பிரிச்சுப் பழகின நமக்கு வயித்தெரிச்சல், ஆனா மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும்.

என் கோவமெல்லாம் வெர்ப் மேல. சாதாரண வாக்கியத்துல ரெண்டாவது சீட்ல வெர்ப் துண்டு போட்டு உக்காந்துக்கும், நாளைக்குன்னு ஆரம்பிச்சா 'மோர்கன் கொம்ட் ஏர்', நாளைக்கு வர்றான் அவன். சரி பழகிட்டேன். அடுத்து 'வைல்' வந்துச்சு, ஏன்னான்னு அர்த்தம், இது வந்தா வெர்ப் கடைசிக்கு ஓடிடும், ஜாக்கிரதை, ரொம்ப கஷ்டம்னு ஆப் இங்கிலீஷ்ல பயமுறுத்துச்சு. நானும் பயந்து எட்டு மாசம் ஒவ்வொண்ணையும் இங்கிலீஷ்ல போட்டு திருப்பித் திருப்பி அடுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி நோட்ல எழுதிப் பாத்தா:

வைல் இஷ் கெஸ்டர்ன் இம் லாடன் ப்ரோட் கெகௌஃப்ட் ஹாபே.
ஏன்னா நான் நேத்து கடைல பிரெட் வாங்கி இருக்கேன்.

வார்த்தைக்கு வார்த்தை அப்படியே! கெகௌஃப்ட் வாங்கி, ஹாபே இருக்கேன். நம்ம வீட்டு வாக்கியத்தை எங்கிட்டயே கஷ்டம்னு வித்திருக்கான், அதுக்கு நான் காசு வேற கட்டியிருக்கேன். வெள்ளைக்காரனுக்குத்தான்யா அது கஷ்டம்.

நிஜமாவே கஷ்டமான இடத்துல ஆப் கைவிட்டுடுச்சு. ஜெர்மன்ல சில வெர்ப் ரெண்டா உடையும், பாதி முன்னாடி, வால் கடைசில. என்கூட பேசிப் பழகற ஜெர்மன்காரர் வாய்ஸ் நோட் போட்டாரு, 'இஷ் ஸாகெ உன்ஸர் ட்ரெஃபன் அம் ஸாம்ஸ்டாக் உம் ட்ஸேன் அப்'. 'சனிக்கிழமை பத்து மணி'ங்கிற வரைக்கும்தான் காதுல விழுந்துச்சு, உடனே சூப்பர்னு பதில் போட்டுட்டு சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்து வெச்சு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். முன்னாடி வந்த 'ஸாகெ'யோட வால்தான் அந்தக் கடைசி 'அப்', அதுதான் மேட்டரே, ரெண்டும் சேர்ந்தா மீட்டிங் கேன்சலாம். வால்ல 'ட்ஸூ' இருந்திருந்தா வர்றேன்னு அர்த்தம். ஆப்ல இதுக்கு வர்ற பயிற்சி என்ன தெரியுமா, வார்த்தைக் கட்டைங்கள வரிசையா தட்டணும், எல்லாத்தையும் தட்டின பிறகு மிச்சம் கிடக்கிற கட்டை 'அப்', அதையும் தட்டுனா மணி அடிச்சு பாராட்டும். எனக்கு அதுல எப்பவும் ஃபுல் மார்க்.

அதனால வாங்காதடா. ஒரு டீச்சர்கிட்ட போ, தமிழ் தெரிஞ்சவங்களா இருந்தா இன்னும் நல்லது. ஆப் எப்படி இருக்குனு பாக்கணும்னா என் போன்லயே பாத்துக்கோ, நேத்துதான் இன்னொரு வருஷத்துக்கு ரினியூ பண்ணினேன்.